பொருளியலா, பிசினஸா, கூடவே கணிதமும் வேண்டுமா? சிக்ஸ்த் ஃபார்மில் பாடம் எடுக்கும் முன்

இங்கிலாந்தில் பொருளியல் சொல்லித் தருகிற எனக்கு, பதினோராம் ஆண்டு படிக்கிற, பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளை இருக்கிற வீடுகளிலிருந்து குளிர்காலத்தில் வருகிற போன்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். "அண்ணா, மகள் சிக்ஸ்த் ஃபார்முக்கு அப்ளை பண்றா, எகனாமிக்ஸ் எடுக்கலாமா, பிசினஸ் எடுக்கலாமா, எது ஈசி?" கேட்கிறவர் ஊரில் பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப் படித்தவராகவோ, யாழ்ப்பாணத்தில் உயர்தரத்துக்கு வர்த்தகப் பிரிவு எடுத்தவராகவோ இருந்தால் அடுத்த கேள்வியும் எனக்குத் தெரியும். "அப்போ எகனாமிக்ஸ், பிசினஸ், அக்கவுன்டிங் மூன்றையும் சேர்த்தே எடுத்தால் என்ன, ஒன்றுக்கொன்று உதவும்தானே?"

ஊரில் அந்த மூன்றும் ஒரு கட்டாக வரும். பள்ளியே சேர்த்துத் தருவதால் யாரும் யோசிக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் ஏ லெவலுக்கு, அதாவது சிக்ஸ்த் ஃபார்ம் என்கிற பன்னிரண்டு, பதின்மூன்றாம் ஆண்டுகளில் படிக்கிற படிப்புக்கு, குரூப் என்று ஒன்று கிடையாது. பிள்ளை மூன்று பாடங்களை, சிலர் நான்கை, பள்ளியின் டைம்டேபிள் இடம் கொடுக்கிற வரைக்கும் இஷ்டப்படி எடுக்கலாம். பல்கலைக்கழகம் அவற்றைத் தனித்தனியாகவும் பார்க்கும், சேர்த்தும் பார்க்கும், சேர்த்துப் பார்க்கும்போது இந்த மூன்றும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன. பொருளியலையும் பிசினஸையும் ஒன்றாக எடுக்கவே விடாத சிக்ஸ்த் ஃபார்ம்கள் நிறைய உண்டு. இன்னொரு பழைய நினைப்பும் குறுக்கே வரும். ஃபர்ஸ்ட் குரூப் கிடைக்காதவர்களுக்குத்தான் காமர்ஸ் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்ததே, அதை மனதில் வைத்துக்கொண்டு "சயன்ஸ் வராது, அதனால் எகனாமிக்ஸ்" என்று அனுப்பிவிடுகிறார்கள். முதல் மாக் எக்ஸாமில் டி வந்த பிறகு அந்த அம்மாவும் அப்பாவும் என் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு மனது கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் பிள்ளையிடம் எந்தக் குறையும் இருக்காது, பாடம் என்ன கேட்கிறது என்று யாரும் அதற்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

என் அக்கா மகனுக்கும் யாரும் சொல்லவில்லை. நானும்தான், அப்போது நான் வேறு வேலையில் இருந்தேன். பதினோராம் ஆண்டு முடிவில் எழுதுகிற ஜிசிஎஸ்இ பரீட்சையில் கணிதத்தில் 8 (9தான் உச்சம்) வாங்கியவன், கணிதம் அலுத்துவிட்டது என்று விட்டுவிட்டுப் பொருளியல், பிசினஸ், ஜியாக்ரஃபி எடுத்தான். பொருளியல் அவனுக்கு அவ்வளவு பிடித்துப்போனது, சாப்பாட்டு மேசையில்கூட வட்டி விகிதம் பற்றித்தான் பேச்சு. பன்னிரண்டாம் ஆண்டு முடியும்போது யூகாஸ் வழியாகப் போடுகிற பல்கலைக்கழக விண்ணப்பத்துக்காக அவற்றின் பக்கங்களைத் திறந்து பார்த்தான். அவன் ஆசைப்பட்ட பொருளியல் பட்டப்படிப்புகளில் ஒன்றுகூட ஏ லெவல் கணிதம் இல்லாதவர்களை எடுப்பதில்லை. பள்ளியில் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கடைசியில் பள்ளி முடித்த பிறகு ஒரு வருஷம் வீட்டிலிருந்து இரண்டு வருஷக் கணிதத்தைத் தனியாகப் படித்துப் பரீட்சை எழுதினான். நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் அந்த வருஷம் முழுக்க அக்கா ராத்திரி எழுந்து பார்க்கும்போதெல்லாம் அவன் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அதனால் "பொருளியலா பிசினஸா" என்ற கேள்விக்கு முன்னால் நான் கேட்பது "கணிதம் எடுக்கிறாளா?" என்றுதான். பொருளியலில் பட்டம் படிக்கப் பொருளியல் ஏ லெவல் தேவையில்லை. கணிதம் தேவை. எல்எஸ்இயின் (லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்) பிஎஸ்சி எகனாமிக்ஸ் கேட்பது ஏ லெவலின் உச்ச மதிப்பெண்ணான ஏ ஸ்டார் ஒன்றும் இரண்டு ஏவும், அந்த ஏ ஸ்டார் கணிதத்தில் வர வேண்டும். கேம்பிரிட்ஜ் இரண்டு ஏ ஸ்டாரும் ஒரு ஏவும் கேட்கிறது, கணிதம் கட்டாயம், பொருளியல் கட்டாயம் இல்லை. யூசிஎல், வாரிக் இரண்டுக்கும் கணிதம் வேண்டும். எல்எஸ்இக்கும் கேம்பிரிட்ஜுக்கும் டிஎம்யுஏ என்ற நுழைவுத் தேர்வு வேறு இருக்கிறது. 75 நிமிடத் தாள்கள் இரண்டு, ஒவ்வொன்றிலும் 20 கேள்விகள், கால்குலேட்டர் கிடையாது, முழுக்கக் கணிதமும் தர்க்கமும்தான், பொருளியல் கேள்வி ஒன்றுகூட வராது. கணிதம் இல்லாமல் பொருளியலுக்கு எடுக்கிற பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன, முதல் வருஷத்தில் தேவையான கணிதத்தை அவர்களே சொல்லித் தருவார்கள். ஆனால் எந்தெந்த இடங்கள் என்று பதினாறு வயதிலேயே பார்த்து வைத்துவிட வேண்டும், பதினெட்டு வயதில் பார்த்தால் அக்கா மகன் கதைதான்.

அப்படியானால் எதற்குப் பொருளியல், கணிதத்தோடு வேறு இரண்டு பாடம் எடுத்துவிட்டுப் போகலாமே என்று ஒரு அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. கணிதம், ஃபர்தர் மேத்ஸ் என்கிற மேல்நிலைக் கணிதப் பாடம், ஃபிசிக்ஸ் எடுத்துவிட்டு நேராகப் பொருளியல் பட்டத்துக்குப் போனவர்கள் உண்டு, நன்றாகவும் செய்கிறார்கள். ஆனால் மூன்று வருஷம் கடன் வாங்கிப் படிக்கப்போகிற ஒரு துறையை அதற்கு முன்னால் ஒரு தடவையாவது உள்ளே போய்ப் பார்ப்பது நல்லது. பட்டம் படிக்கப் போகாத பிள்ளைக்கும் இந்தப் பாடம் பயன்படும். 2022 அக்டோபரில் இங்கே விலைவாசி உயர்வு 11.1 சதவீதத்தைத் தொட்டது. பேங்க் ஆஃப் இங்லண்ட் 2021 டிசம்பர் வரை 0.1 சதவீதமாக வைத்திருந்த வட்டியை 2023 ஆகஸ்டில் 5.25 வரை கொண்டுபோனது. மார்ட்கேஜ் கட்டுகிற எத்தனையோ வீடுகளில் அந்த இரண்டு வருஷமும் அதே பேச்சுதான். அந்தச் சமயத்தில் பன்னிரண்டாம் ஆண்டில் இருந்த ஒரு பெண் என்னிடம் கேட்டாள்: "கேஸ் விலை ஏறினதாலதானே எல்லாம் ஏறுது, எங்க அப்பா கூடுதலா வட்டி கட்டினா கேஸ் விலை எப்படிக் குறையும்?" ஏ லெவல் பொருளியலின் இரண்டாம் பாதி முழுவதும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. தேவை அதிகமாகி வருகிற விலையேற்றம் வேறு, செலவு கூடி வருகிற விலையேற்றம் வேறு, வட்டி முதலாவதை அடக்கும், இரண்டாவதை நேராகத் தொடாது, ஆனாலும் சம்பளமும் எதிர்பார்ப்பும் சேர்ந்து ஏறிவிடக் கூடாது என்பதற்காக உயர்த்துகிறார்கள், அது சரியா தவறா என்பதில் பெரிய பொருளியலாளர்களே ஒத்துப்போவதில்லை. இந்த மாதிரி கேள்வி தானாக வருகிற பிள்ளை என்றால் யோசிக்காமல் எடுக்கச் சொல்வேன்.

பாடத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2015 செப்டம்பரில் தொடங்கிய புதிய பாடத்திட்டம்தான் இப்போதும், முதல் பரீட்சை 2017-ல் நடந்தது. கோர்ஸ்வொர்க் கிடையாது, இரண்டு வருஷப் பாடமும் பதின்மூன்றாம் ஆண்டு முடிவில் இரண்டு மணி நேரத் தாள்களாக வந்து நிற்கும். பரீட்சை நடத்துகிற போர்டுகளில் ஏக்யூஏ, எட்எக்செல் இரண்டிலும் தாள் மூன்று. ஒன்று சந்தை, விலை, நிறுவனங்கள், சந்தை தவறுகிற இடங்கள், ஒன்று நாட்டின் பொருளாதாரமும் உலக வணிகமும், மூன்றாவது இரண்டையும் கலந்து. எந்தப் போர்டு என்பதைப் பள்ளிதான் தீர்மானிக்கும். எட்எக்செலில் எகனாமிக்ஸ் ஏ, எகனாமிக்ஸ் பி என்று இரண்டு இருக்கின்றன, பி என்பதில் பிசினஸ் பாடத்தின் வாடை அதிகம், பள்ளி எதைச் சொல்லித் தருகிறது என்று ஓப்பன் ஈவினிங்கில் கேட்டுக்கொள்ளுங்கள். ஜிசிஎஸ்இயில் பொருளியல் படித்திருக்க வேண்டியதில்லை, எல்லோரும் முதல் நாளிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஜிசிஎஸ்இ கணிதத்தில் 6 அல்லது அதற்கு மேலும், ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண்ணும் கேட்கிற பள்ளிகள் பல. இரண்டையும் ஏன் கேட்கிறார்கள் என்பது போகப்போகப் புரியும்.

பொருளியலுக்கும் பிசினஸுக்கும் என்ன வித்தியாசம் என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், இப்போது ஒரே ஒரு உதாரணத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். 2025 ஏப்ரலில் 21 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 11 பவுண்டு 44 பென்ஸிலிருந்து 12 பவுண்டு 21 பென்ஸுக்கு ஏறியது, ஏறக்குறைய 6.7 சதவீதம். இதே செய்தியை இரண்டு வகுப்பறைக்குள்ளும் கொண்டுபோவோம்.

பிசினஸ் வகுப்பில் ஒரு காஃபி கடை இருக்கும். பத்து பேர் வேலை செய்கிறார்கள், ஆளுக்கு வாரம் 30 மணி நேரம், எல்லோருக்கும் குறைந்தபட்சக் கூலி. மணிக்கு 77 பென்ஸ் கூடினால் 300 மணி நேரத்துக்கு வாரம் 231 பவுண்டு கூடுதல் செலவு. ஒரு காஃபியில் பால், கப், கொட்டை எல்லாம் போகக் கடைக்கு 2 பவுண்டு 20 பென்ஸ் மிஞ்சுகிறது என்றால் வாரத்துக்கு இன்னும் 105 காஃபி விற்றால்தான் பழைய லாபம் நிற்கும். விற்க முடியுமா, விலையை ஏற்றலாமா, ஏற்றினால் எதிரே இருக்கிற கடைக்குப் போய்விடுவார்களா, ஷிஃப்டைக் குறைத்தால் வேலை செய்கிறவர்களின் மனநிலை என்ன ஆகும், இந்த உரிமையாளர் என்ன செய்ய வேண்டும்? பதில் அந்தக் கடைக்கானது. கையில் இருக்கிற தகவலை வைத்து ஒரு முடிவுக்கு வந்து, அதற்குக் காரணம் சொல்ல வேண்டும்.

பொருளியல் வகுப்பில் கடையே இருக்காது, ஒரு வரைபடம் இருக்கும். நிமிர்ந்த கோட்டில் கூலி, படுக்கைக் கோட்டில் வேலையாட்கள், ஆள் தேவையைக் காட்டுகிற கோடும் வேலைக்கு வருகிறவர்களைக் காட்டுகிற கோடும் வெட்டிக்கொள்கிற இடத்துக்கு மேலே அரசாங்கம் ஒரு கூலியை வைக்கிறது, வேலை தேடுகிறவர்கள் கூடுகிறார்கள், வேலை கொடுக்கிறவர்கள் குறைகிறார்கள், நடுவில் இருக்கிற இடைவெளிதான் வேலையின்மை. நிறைய பிள்ளைகள் இங்கே பேனாவை வைத்துவிடும். ஆனால் 1999-ல் 3 பவுண்டு 60 பென்ஸில் இந்தச் சட்டம் தொடங்கியபோது வேலைகள் ஏராளமாகப் போய்விடும் என்று எச்சரித்தவர்கள் இருந்தார்கள், அந்த அளவுக்கு எதுவும் நடக்கவில்லை. ஏன்? ஒரு ஊரில் வேலை கொடுக்கிறவர் ஒருவரே என்றால் அவர் கூலியைக் கீழே அழுத்தி வைத்திருப்பார், சட்டம் கூலியை உயர்த்தும்போது வேலை குறையாமல் கூடவும் செய்யலாம், இதற்கு மோனாப்சனி என்று பெயர், வேறு வரைபடம். அப்புறம், அதே 2025 ஏப்ரலில்தான் முதலாளிகள் கட்டும் நேஷனல் இன்ஷூரன்ஸும் 13.8 சதவீதத்திலிருந்து 15 ஆனது. வேலை குறைந்திருந்தால் எதனால் குறைந்தது என்று எப்படிப் பிரித்துச் சொல்வாய்? கேள்விக்கு ஒரு கடையின் பதில் போதாது, நாடு முழுக்க யோசிக்க வேண்டும், யோசித்துவிட்டு "இது எதைப் பொறுத்தது" என்றும் சொல்ல வேண்டும்.

உங்கள் பிள்ளையின் கண் இந்த இரண்டு பத்தியில் எதைப் படிக்கும்போது விரிகிறதோ அதுதான் பதில். உண்மையாகவே சொல்கிறேன், காஃபி கடைக் கணக்கு பிடித்த பிள்ளையைப் பொருளியலுக்குள் தள்ளினால் இரண்டு வருஷம் "ஆனா சார், அந்தக் கடைக்காரர் என்ன பண்ணுவார்?" என்றே கேட்டுக்கொண்டிருக்கும். பிசினஸ் மட்டமான பாடம் கிடையாது. மார்க்கெட்டிங், ஆட்களை நிர்வகிப்பது, கேஷ் ஃப்ளோ, பிரேக் ஈவன், நிறுவனத்தின் கணக்கறிக்கையைப் படிக்கிற ரேஷியோக்கள் என்று வேலைக்குப் போன முதல் வாரத்திலேயே பயன்படுகிற விஷயங்கள் அதில் இருக்கின்றன. பரீட்சையும் மூன்று தாள்தான், கட்டுரையும் எழுத வேண்டும். பிசினஸ் மேனேஜ்மென்ட் பட்டத்துக்கோ, அக்கவுன்டன்சி நிறுவனங்களில் சம்பளத்தோடு சேர்கிற அப்ரென்டிஸ்ஷிப்புக்கோ போகிற பிள்ளைக்கு பிசினஸில் ஒரு ஏ, பொருளியலில் வாங்குகிற சியைவிட எவ்வளவோ மேல். பொருளியல் எடுத்தால்தான் மதிப்பு என்று சொந்தக்காரர்கள் சொல்வதற்காக அந்த ஏவை விட்டுவிடாதீர்கள்.

எது ஈசி என்ற கேள்விக்கு வருகிறேன். கணக்கின் அளவை வைத்துப் பார்த்தால் விதியே சொல்லிவிடுகிறது: பொருளியலில் குறைந்தது 20 சதவீத மதிப்பெண் கணக்குத் திறனுக்கு, பிசினஸில் குறைந்தது 10. ஆனால் அந்தக் கணக்கு ஜிசிஎஸ்இ மட்டத்துக் கணக்குதான், சதவீதம், விகிதம், குறியீட்டெண், வரைபடம் வாசிப்பது. உதாரணத்துக்கு, இங்கிலாந்தில் பஸ் கட்டண உச்சவரம்பு 2025 ஜனவரியில் 2 பவுண்டிலிருந்து 3 பவுண்டு ஆனது. விலை 50 சதவீதம் ஏறுகிறது, தேவையின் எலாஸ்டிசிட்டி, அதாவது விலை ஒரு சதவீதம் ஏறினால் தேவை எத்தனை சதவீதம் மாறும் என்கிற அளவு, ஊரில் நெகிழ்ச்சி என்று படித்தோமே அது, மைனஸ் 0.4 என்று வைத்துக்கொண்டால் பயணிகள் 20 சதவீதம் குறைவார்கள். நூறு பேர் 2 பவுண்டு கொடுத்தபோது 200 வந்தது, இப்போது 80 பேர் 3 பவுண்டு கொடுத்தால் 240. கம்பெனிக்கு வருமானம் கூடிவிட்டது, அந்த இருபது பேர் எங்கே போனார்கள்? காரில் போனார்களா, நடந்தார்களா, வேலைக்கே போகவில்லையா? கணக்கு இரண்டு வரியில் முடிந்துவிடும், மதிப்பெண் எல்லாம் அந்தக் கடைசிக் கேள்வியில்தான்.

நம் வீட்டுப் பிள்ளைகள் தடுமாறுகிற இடமும் அதுதான். மதிப்பெண் நான்கு திறன்களுக்குப் பிரிகிறது: தெரிந்திருப்பது, பொருத்திக் காட்டுவது, காரணத்தைக் கோர்த்து விளக்குவது, எடைபோடுவது. தெரிந்திருப்பதற்கு ஏறக்குறைய கால்பங்குதான். ஜிசிஎஸ்இயில் நோட்டை மனப்பாடம் செய்து 9 வாங்கிய பிள்ளைக்கு இது பெரிய அடி. போன வருஷம் ஒரு பையன் சர்க்கரை பானங்களுக்கான வரி பற்றி 25 மதிப்பெண் கட்டுரை எழுதிக்கொண்டு வந்தான். வரைபடம் ஸ்கேல் வைத்துப் போட்டது, ஒரு கோடு பிசகவில்லை. 2018 ஏப்ரலில் தொடங்கிய வரி, தொடங்கியபோது 100 மில்லிலிட்டரில் 5 கிராம் முதல் சர்க்கரை இருந்தால் லிட்டருக்கு 18 பென்ஸ், 8 கிராமும் அதற்கு மேலும் இருந்தால் 24 பென்ஸ், எல்லாம் சரி. வரி போட்டால் விலை ஏறும், குடிப்பது குறையும், உடம்பு நன்றாகும், முடிந்தது. பாதிகூட வரவில்லை என்று கண் கலங்கிவிட்டது அவனுக்கு. நான் அவனிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டேன், "வரியை அறிவித்தது 2016 மார்ச்சில், அமலுக்கு வந்தது இரண்டு வருஷம் கழித்து, அந்த இரண்டு வருஷம் கம்பெனிக்காரர்கள் சும்மா இருந்திருப்பார்களா?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "ரெசிபியை மாத்தியிருப்பாங்க." மாற்றினார்கள். அதனால்தான் முதல் வருஷத்துக்கு 520 மில்லியன் பவுண்டு வரும் என்று முதலில் போட்ட கணக்கு 240 மில்லியனில் போய் நின்றது, அதனால்தான் அந்த வரி வெற்றி என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். வருமானம் குறைந்ததே வெற்றிக்கு அடையாளமாக இருக்கலாம் என்று அவனாகவே சொன்னபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அடுத்த கட்டுரையில் 19 வாங்கினான்.

ஆக, கணக்கு நன்றாக வரும், ஆங்கிலத்தில் நாலு பக்கம் எழுதச் சொன்னால் திணறும் என்கிற பிள்ளைக்குப் பொருளியல் கணிதத்தைப் போல இருக்காது, ஹிஸ்டரி மாதிரிதான் இருக்கும். நேரமும் நெருக்கும். ஏக்யூஏயில் 80 மதிப்பெண்ணுக்கு 120 நிமிடம், அதாவது 25 மதிப்பெண் கட்டுரைக்கு 37 நிமிடம். எட்எக்செலில் 100 மதிப்பெண்ணுக்கு அதே 120 நிமிடம், அதனால் அதே கட்டுரைக்கு 30 நிமிடம்தான். அதற்குள் வரைபடம் போட்டு, இரண்டு பக்கமும் வாதாடி, முடிவும் சொல்ல வேண்டும். எழுத வராது என்பதற்காக விட வேண்டியதில்லை, என்னிடம் வருகிற பாதிப் பேர் அப்படித்தான் வருகிறார்கள், வாரம் ஒரு கட்டுரை கையால் எழுதினால் ஈஸ்டருக்குள் தேறிவிடுவார்கள். ஆனால் எழுதுவதே பிடிக்காது என்றால் அது வேறு, அந்தப் பிள்ளைக்குக் கணிதம், ஃபிசிக்ஸ், கம்ப்யூட்டர் சயன்ஸ் பக்கம் சந்தோஷம் அதிகம்.

மற்ற பாடங்களோடு ஒப்பிட்டால்: அக்கவுன்டிங் சொல்லித் தருகிற பள்ளிகளே குறைவு, ஏசிஏ, ஏசிசிஏ போன்ற அக்கவுன்டன்ட் ஆகிற தகுதிப் படிப்புகள் எல்லாம் எந்தப் பாடம் படித்தவர்களையும் எடுத்துக்கொள்வதால் அதற்காக இப்போதே அக்கவுன்டிங் எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. பாலிடிக்ஸ் பொருளியலோடு நன்றாகப் போகும், செய்தி படிக்கிற பழக்கம் இரண்டுக்கும் ஒரே முதலீடு. ஜியாக்ரஃபியும் அப்படியே, வளரும் நாடுகள், வணிகம், இடப்பெயர்வு என்று பல இடங்களில் கைகோக்கும். ஏ லெவலுக்குப் பதில் ஐபி என்ற சர்வதேச டிப்ளமா படிக்கிற பிள்ளைகளுக்குப் பொருளியலில் பரீட்சையோடு, ஒவ்வொன்றும் 800 வார்த்தைக்குள், மூன்று செய்தி விமர்சனங்களும் உண்டு, ஹையர் லெவலில் அதற்கு 20 சதவீதம், அங்கே பொறுமையாக எழுதுகிற பிள்ளைக்குக் கொஞ்சம் சாதகம். டாக்டராகத்தான் வேண்டும் என்றால் கெமிஸ்ட்ரியும் பயாலஜியும் போக மூன்றாவது இடம் ஒன்று இருக்கிறது, அதில் பொருளியல் வைத்துப் போனவர்களும் உண்டு, பல மருத்துவக் கல்லூரிகளில் அதற்குத் தடை இல்லை, ஆனால் மூன்றாவதும் சயன்ஸோ கணிதமோ வேண்டும் என்கிற இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஃபர்தர் மேத்ஸ் நான்காவது பாடமாக எடுக்கலாமா என்றால், கேம்பிரிட்ஜ், எல்எஸ்இ மாதிரி இடங்களை மனதில் வைத்திருக்கிற, கணிதத்தில் உண்மையாகவே விளையாடுகிற பிள்ளைக்கு மட்டும். மற்றவர்களுக்கு அது மூன்று நல்ல மதிப்பெண்ணையும் கீழே இழுத்துவிடும்.

மூத்த அண்ணன், அக்கா இருக்கிற வீடுகளில் இன்னொரு பேச்சு வரும், ரஸ்ஸல் குரூப் என்கிற பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு வைத்திருந்த பட்டியலில் எகனாமிக்ஸ் இல்லையே என்று. முன்பு எந்தப் பாடங்கள் அதிகக் கதவைத் திறக்கும் என்று அவர்கள் ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள், கணிதம், சயன்ஸ், ஹிஸ்டரி, ஜியாக்ரஃபி, ஆங்கில இலக்கியம், மொழிகள் எல்லாம் இருந்தன, பொருளியல் இல்லை. அந்தப் பட்டியலை 2019-லேயே எடுத்துவிட்டார்கள். இப்போது ஒவ்வொரு பட்டப்படிப்புக்கும் எது தேவை என்று இன்ஃபார்ம்டு சாய்சஸ் என்ற தளத்தில் தனித்தனியாகப் போட்டிருக்கிறார்கள். பிள்ளையோடு சேர்ந்து உட்கார்ந்து ஒரு மாலை நேரம் அதைப் பாருங்கள்.

பெண் பிள்ளைகள் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் பாடத்தில் பையன்கள்தான் பெரும்பான்மை, சில வகுப்புகளில் ஒரு பெண், இரண்டு பெண் என்று உட்கார்ந்திருப்பார்கள். ராயல் எகனாமிக் சொசைட்டியே இதைப் பார்த்துவிட்டு டிஸ்கவர் எகனாமிக்ஸ் என்று ஒரு இயக்கம் நடத்துகிறது, பெண்களும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் சிறுபான்மைச் சமூகத்துப் பிள்ளைகளும் கூடுதலாக வர வேண்டும் என்று. என்னிடம் படித்தவர்களில் கேள்வியைச் சரியாக வாசித்து, அவசரப்படாமல் இரண்டு பக்கமும் எடைபோட்டு எழுதியவர்களில் பெண்கள்தான் அதிகம். "அது ஆம்பிளைப் பிள்ளைங்க பாடம் மாதிரி இருக்கு" என்று ஒரு அம்மா சொன்னபோது எனக்குக் கோபமே வந்தது. அந்த வீட்டில் மாதச் செலவை முழுக்கக் கணக்குப் பார்க்கிறவர் அவர்தான்.

சரி, இவ்வளவையும் வைத்து நான் எப்படிச் சொல்வேன் என்றால், ஜிசிஎஸ்இ கணிதத்தில் 7 அல்லது அதற்கு மேல் எதிர்பார்க்கிற, செய்தி பார்த்துவிட்டு ஏன் ஏன் என்று கேட்கிற பிள்ளைக்குக் கணிதமும் பொருளியலும் சேர்த்து, மூன்றாவதாக எழுதுகிற பாடம் ஒன்று. இதுதான் என் முதல் தேர்வு, ஹிஸ்டரியோ ஜியாக்ரஃபியோ பாலிடிக்ஸோ எது பிடிக்கிறதோ அது. கணிதத்தில் 6 அளவில் நிற்கிற, ஆனால் பொருளியல் பிடிக்கிற பிள்ளை ஏ லெவல் கணிதம் இல்லாமல் பொருளியல் எடுக்கலாம், பொருளியல் பட்டத்தில் சில கதவுகள் மூடியிருக்கும் என்று தெரிந்தே எடுக்கட்டும், சட்டம், அரசியல், மேனேஜ்மென்ட் எல்லாம் திறந்தே இருக்கின்றன, பள்ளியில் கோர் மேத்ஸ், அதாவது ஏ லெவல் கணிதத்தைவிடச் சின்னதான நடைமுறைக் கணிதப் பாடம், இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். கடை, பிராண்ட், வியாபாரம் என்று கண் மின்னுகிற பிள்ளைக்கு பிசினஸ். பொருளியல், பிசினஸ், அக்கவுன்டிங் மூன்றும் சேர்ந்த அந்த ஊர்க் கட்டு மட்டும் வேண்டாம்.

இப்போதே நூறு சதவீதம் முடிவெடுக்க வேண்டியதும் இல்லை. விண்ணப்பத்தில் எழுதிய பாடத்தை ஆகஸ்டில் ஜிசிஎஸ்இ ரிசல்ட் வந்த அன்றே மாற்றலாம், இடம் இருந்தால். செப்டம்பரில் முதல் சில வாரங்களுக்குள்ளும் மாற்ற விடுகிற பள்ளிகள் நிறைய, எத்தனை வாரம் என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சை முடிந்த ஜூலையில் பிள்ளை சும்மாதான் இருக்கும். ஏக்யூஏ, எட்எக்செல் இரண்டின் பழைய வினாத்தாள்களும் இலவசமாகவே கிடைக்கின்றன, பொருளியலில் ஒன்று, பிசினஸில் ஒன்று இறக்கிக் கொடுங்கள். பதில் எழுத வேண்டாம், தெரியாது. கேள்விகளையும் அதோடு வருகிற செய்தித் துணுக்குகளையும் வாசித்துவிட்டு, எந்தத் தாளைப் பற்றி ராத்திரி சாப்பிடும்போது உங்களிடம் பேச வருகிறது என்று மட்டும் கவனியுங்கள்.